கட்டை இல்லாத படம்

“எங்க வூட்ல என் மூஞ்சிய ஒரு போட்டோ எடுக்க நாதியில்ல. இந்தத் துருப்புடிச்ச கழுதைய எடுக்கறதுக்கு அஸ்தினாபுரத்துலேந்து பஸ் ஏறி வராங்க பாரு” என்றார் தனசேகர்.

“பஸ் இல்லை, ஸ்கூட்டர்” என்றார் வைத்தீஸ்வரன்.

“ஸ்கூட்டரா! பெட்ரோலு வேற போட்டுக்கினு வந்தீங்களா? அடப்பாவமே.”

ராத்திரி முழுக்கக் கொட்டிய ஐப்பசி மழை விடிந்த பிறகுதான் விட்டிருந்தது. கழுவிவிட்ட மாதிரி வெளிச்சம். தாம்பரத்துக்குத் தெற்கே, மின்சார ரயில்கள் போகும் பாதையிலிருந்து ஒதுங்கி ஒரு பழைய சைடிங், அதாவது கிளைத் தண்டவாளம், இருந்தது. முன்னொரு காலத்தில் சிமெண்ட் வேகன்களும் உப்பு வேகன்களும் வந்து நின்ற இடம். இப்போது அதில் ஒரு டீசல் இன்ஜின் மட்டும் நின்றது. அதற்கு அப்பால் ஒரு லாரி நீளம் இடைவெளி விட்டு, ஆளில்லாத காலி வேகன்கள் சில. சரக்கு ரயில் இழுத்துத் தேய்ந்த ஆல்கோ ரக இன்ஜின். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ உடைக்க இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேச்சு. அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று வைத்தீஸ்வரனும், ஊரப்பாக்கத்திலிருந்து வந்த அனிருத்தும் முறையாக அனுமதி வாங்கியிருந்தார்கள். கூட நிற்க ஒரு பாயிண்ட்ஸ்மேனை அனுப்பியிருந்தார்கள். அவர்தான் தனசேகர். இன்ஜினை வேகனோடு பூட்டுவது, கழற்றுவது, கொடி காட்டுவது, நிறுத்திவைத்த வண்டி நகராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை.

வைத்தீஸ்வரன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் குரோம்பேட்டை நடைமேடையில் காலையும் மாலையும் நின்றவர். இந்த மாதிரி இன்ஜின் இரண்டு சேர்ந்து சரக்கு ரயிலை இழுத்துக்கொண்டு வரும்போது மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, புகையைத் திட்டிக்கொண்டு பின்னால் நகர்வார்கள். அவர் மட்டும் முன்னால் எட்டிப் பார்த்து எண்ணைப் படிப்பார். தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல அது சும்மா நின்று துடிக்கும் சத்தம், கிளம்பும்போது அந்தத் துடிப்பு கனத்து அடிவயிற்றில் இறங்குவது, அது போன பிறகும் காற்றில் தங்கும் எண்ணெய் வாசனை எல்லாம் அவருக்கு நேற்று மாதிரி இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நல்ல கேமரா வாங்கினார். தன்னைப் போலவே கிறுக்குப் பிடித்த நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். அனிருத் பழக்கமானது அங்கேதான். அனிருத்துக்கு முப்பது வயது, மென்பொருள் வேலை, எந்நேரமும் காதில் பாட்டு.

“உங்களுக்கு இந்த இன்ஜின்ல என்ன ஞாபகம் தனசேகர்?”

“எனக்கா? சித்திரைல கை வெச்சா தோலு உரிஞ்சிகினு வந்துரும், அது ஞாபகம் கீது. அப்பால ஒரு ட்ரைவர் இருந்தாரு சார், செம ஆளு. கருவாட்ட பேப்பர்ல சுத்தி இன்ஜின் மேல வெச்சிருவாரு. செங்கல்பட்டு போறதுக்குள்ள வறுபட்டுரும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நாய்ங்க தொரத்திக்கினு வரும். மாஸ்டரு மூக்கப் பொத்திக்கினு, ‘எவன்டா அவன்’னு கத்துவாரு.”

அனிருத் விழுந்து விழுந்து சிரித்தான்.

தனசேகர் இன்ஜினைச் சுற்றி வந்தார். சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த மரக்கட்டைகள் இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, காலையில் அவரே இறுக்கி வைத்தவை. குனிந்து இரண்டையும் கையால் அசைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து குதிகாலால் கட்டைக்கொரு உதை விட்டார்.

அவர் குனிந்திருந்த அந்த நேரத்தில் வைத்தீஸ்வரன் வெளிச்சம் எவ்வளவு என்று பார்க்க ஒன்று எடுத்தார். வீண் படம்தான். அவர்களுடைய குழுவில் ஒரு வழக்கம் உண்டு: படம் சுத்தமாக இருக்க வேண்டும். ஆள் கூடாது, செடி மறைக்கக் கூடாது, பிளாஸ்டிக் குப்பை, கொடி, வாளி எதுவும் கண்ணில் படக் கூடாது. இன்ஜின் மட்டும். அதற்காகவே சிலர் கையோடு கத்தரிக்கோல் கொண்டுபோய்ப் புல்லை வெட்டுவார்கள்.

தனசேகர் எதிர்பார்ப்போடு இன்ஜின் பக்கத்தில் சாய்ந்து நின்றிருந்தார். தலையை ஒருமுறை கோதிக்கொண்டார்.

“கொஞ்சம் இப்படி வந்துடறீங்களா? ஃபிரேம்ல விழறீங்க” என்றார் வைத்தீஸ்வரன்.

“ஓ. சரி சார்” என்று விலகி வந்தார். “நீங்க எடுத்துக்கினு இருங்க. கேட்டாண்ட டீ நல்லா இருக்கும், வாங்கியாறேன். சாருக்குச் சக்கரையா, இல்லாமலா?”

“இல்லாம.”

“எனக்குத் தெரியும். பேங்க் ஆளுங்க எல்லாம் அப்பிடித்தான்.”

அவர் போனார். அனிருத் இன்ஜினுக்கும் வேகன்களுக்கும் நடுவில் இறங்கி, இன்ஜினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேகனின் கொக்கியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். காதில் பாட்டு.

வைத்தீஸ்வரன் கிடந்த தண்ணீர் பாட்டிலைப் பொறுக்கினார். ஒரு பால் கவரைப் பொறுக்கினார். மறுபடி கேமராவில் பார்த்தார். இன்ஜினின் மழை கழுவிய நீலம் பிரமாதமாக இருந்தது. கீழே இரண்டு மஞ்சள் கட்டைகள் கண்ணைக் குத்தின.

படம் எடுக்கும் நேரம் மட்டும்தானே.

முதல் கட்டை வரவில்லை. ஒரு ஜல்லிக்கல்லை எடுத்துத் தட்டினார். வந்துவிட்டது. இரண்டாவது சுலபமாக வந்தது. இரண்டையும் தூக்கித் தன் காலுக்குப் பின்னால் போட்டார். கைக்குட்டையில் கிரீஸைத் துடைத்தார். இன்ஜினின் கை பிரேக் தாங்கும் என்று நினைத்தாரா என்று பின்னால் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். நினைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ரயில் ஓடுவதையே பார்த்த மனிதருக்கு, அது ஓடும் என்கிற நினைப்பே வரவில்லை. படமாகவே பார்த்துவிட்டார்.

முதலில் போனில் ஒன்று எடுத்தார். நின்ற இடத்திலிருந்தே குழுவுக்கு அனுப்பினார். ‘தாம்பரம், இன்று காலை. ஒருவேளை கடைசி முறை.’ உடனே இதயங்கள் வந்து விழுந்தன. பிறகு கேமராவைக் கண்ணில் வைத்தார்.

இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கம் படத்தின் ஓரத்துக்கு வந்திருந்தது. கை நகர்ந்துவிட்டது என்று சரிசெய்தார். மறுபடி ஓரத்துக்கு வந்தது. மறுபடி சரிசெய்தார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்கித் தலை சுற்றுகிறதோ என்று பட்டது. கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். ஓட்டுநர் அறைக் கதவுக்குப் பின்னால் தெரிந்த வேலிக்கம்பம், இப்போது கதவை விட்டுத் தள்ளித் தெரிந்தது.

சத்தமே இல்லை. அத்தனை பெரிய இரும்பு ஒரு முனகல்கூட இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவில் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு வாய் திறக்கவில்லை. திறந்ததாகத்தான் நினைத்தார்.

“டேய்! வெளிய வாடா! வெளிய வா!”

தனசேகரின் குரல். டீ தூக்கு எங்கேயோ போய் விழுந்தது. அவர் ஓடிவந்தார். அனிருத் திரும்பவில்லை. தனசேகர் வைத்தீஸ்வரனின் காலுக்குப் பின்னால் கிடந்த கட்டைகளில் ஒன்றைப் பாய்ந்து எடுத்தார். இன்ஜினோடு கூடவே ஓடி, குனிந்து, சக்கரத்துக்கு முன்னால் திணித்தார். சக்கரம் அதைப் பக்கவாட்டில் துப்பியது. அவர் மறுபடி எடுத்தார். மறுபடி ஓடினார். ஈர ஜல்லி. இந்த முறை கட்டை பிடித்துக்கொண்டது. அவர் கால்தான் வழுக்கிச் சக்கரத்துக்கு அடியில் போனது.

இன்ஜின் நின்றது. தனசேகர் எழுந்திருக்கவில்லை.

அனிருத் அப்போதுதான் திரும்பினான். தன் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி இன்ஜினின் கொக்கி நிற்பதைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். அலறிக்கொண்டே ஓடிவந்து, தன் கேமராப் பட்டையை அவிழ்த்து தனசேகரின் தொடையில் இறுக்கிக் கட்டினான். “அங்கிள், ஆம்புலன்ஸ்! போன் பண்ணுங்க அங்கிள்!” என்று கத்தினான்.

வைத்தீஸ்வரன் லென்ஸ் மூடியைப் பையிலிருந்து தேடி எடுத்தார். அதைப் பொறுமையாக, சரியாகப் பொருத்தி மாட்டினார். அதன் பிறகுதான் போனை எடுத்தார்.

*

“ஏன்னா, ஏன் இவ்வளவு நாழி?” என்றாள் அவர் மனைவி பட்டு.

அவர் சொன்னார். விபத்தைச் சொன்னார். இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். பட்டு, “ஈஸ்வரா” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்தவள், எதற்கும் சட்டென்று உட்கார மாட்டாள்.

கைக்குட்டை துவைக்கப் போட்ட துணியில் இருந்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“இது என்ன கிரீஸ்? நீங்க தள்ளி நின்னுதானே படம் எடுத்தேள்?”

அதையும் சொன்னார்.

அடுப்பில் குக்கர் கத்தியது. போய் அணைத்துவிட்டு வந்தாள்.

“யாராவது கேட்டாளா?”

“இல்லை. நான் பார்த்தப்போ வண்டி நகர்ந்துண்டிருந்துதுன்னு மட்டும் சொன்னேன்.”

“அது நிஜம்தானே” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை. “கேக்கற வரைக்கும்...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அனிருத் போன் செய்தான். பேச்சு தந்தி அடித்தது. அவன் இன்னும் தேறவில்லை.

“அங்கிள், உங்க படம் எல்லா குரூப்லயும் ஓடுது. ரயில்வே ஆளுங்க குரூப்ல கூட. நீங்க அனுப்பின டைமும் ஆக்சிடெண்ட் டைமும் ஒட்டி இருக்கில்ல, அதான். கட்டையே இல்லன்னு வட்டம் போட்டுப் போட்டிருக்காங்க. பாவம், மறந்துட்டார் போல. ஆனா அங்கிள், மனுஷன் தப்பு பண்ணிட்டு, அதுக்கு உயிரையே குடுக்க வந்தார் பாருங்க. நான் பெருசா எழுதியிருக்கேன் அவரைப் பத்தி. படிச்சீங்களா?”

வைத்தீஸ்வரன் படித்தார். ‘ஒரு கணம் மறந்தவர், மறு கணம் என்னைக் காப்பாற்றியவர்’ என்று தொடங்கியது. அதன் கீழே அவருடைய படம். நீலம், மழை கழுவிய வெளிச்சம், குப்பையில்லாத தண்டவாளம். இத்தனை வருஷத்தில் அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அது தெரிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

*

பட்டுதான் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள். ரசம் சாதம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். “பத்தியமா இருக்கும். போய்ப் பார்த்துட்டு வாங்கோ” என்றாள். என்ன சொல்லிவிட்டு வரவேண்டும் என்று சொல்லவில்லை. அவர் சாப்பாட்டுக் கூடையோடு கேமராப் பையையும் தோளில் மாட்டினார். அவள் பார்த்தாள். வாசல் கேட்டைத் தானே வந்து திறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் செருப்பில்லாமல் நின்றிருந்தாள். தனசேகரின் மனைவி சரளா. ராஜகீழ்ப்பாக்கம் முனையில் காலையில் மீன் விற்பவள். கட்டின புடவையோடு ஓடிவந்தவள் இன்னும் வீடு திரும்பவில்லை.

“போட்டோகார சாரா? வா சார். ஆம்புலன்ஸுக்கு நீங்கதான் போன் போட்டீங்களாமே” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கு அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை. கூடையை நீட்டினார். வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, “நெய்யி ஊத்திக்கிறாங்க. நல்லா இருக்கட்டும் அந்தம்மா” என்றாள்.

“எப்படி இருக்கார்?”

“கீறாரு. காலு போனது கூட பரவால்ல சார். உக்காந்து பாக்கற வேலை குடுப்பாங்களாம், அவுங்க ஆளுங்களே சொன்னாங்க. ஆனா தப்பு இவரோடதுன்னு ஆயிட்சுன்னா வேலையே பூடுமாம். காலும் இல்லாம வேலையும் இல்லாம இன்னா பண்ணும் இந்த ஆளு? விசாரிக்க வந்துக்கிறாங்க. அதோ, கடைசி ரூம்புல டாக்டர்கிட்ட பேசிக்கினு கீறாங்க. அப்பால இவரக் கேப்பாங்க.” குரலைத் தாழ்த்தினாள். “நான் மொதல்ல எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன் சார். எம் புருசன் சைக்கிள நிறுத்தினாக்கூட வீலுக்குக் கல்லு வெக்கற ஆளு, அவரு மறப்பாரான்னு. அப்பால பாக்க வந்த பக்கத்து வூட்டுப் பொண்ணு போன்ல அந்தப் படத்தக் காட்டிச்சி. கட்டை இல்ல. நானே பாத்தேன். இன்னாத்த சொல்றது? வந்து அவரையே திட்டிட்டேன். உன் கவனத்த எங்கய்யா வெச்ச, எங்க எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்திட்டியேன்னு. வார்டே வேடிக்க பாத்துது.”

தனசேகர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. வைத்தீஸ்வரனைக் கண்டதும் எழப் பார்த்தார்.

“சார். டீ குடுக்காம வுட்டுட்டேன் பாருங்க.”

வைத்தீஸ்வரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “தனசேகர், நீங்க அன்னிக்குக் கட்டை...”

“அத வுடுங்க சார். யோசிச்சி யோசிச்சி மண்ட காஞ்சிபோச்சி.” கண்ணை மூடிக்கொண்டு பேசினார். “வெச்சேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். கையால ஆட்டிப் பாத்தேன், காலால ஒதச்சேன், எல்லாம் ஞாபகம் இருந்துச்சி. அது அன்னிக்கு இல்ல போல. மின்னாடி என்னிக்கோ செஞ்சது. தெனம் செய்யற வேலை, ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் இன்னா வித்தியாசம் தெரியும்? படத்துல இல்லியே சார். படம் பொய் சொல்லுமா? கட்டையும் உங்க காலாண்ட சும்மாதான் கெடந்துச்சி. அப்ப நான் வெக்கல. கேட்டா அதத்தான் சொல்லப் போறேன்.”

“இப்பிடியேதான் சொல்லிக்கினு கீறாரு” என்றாள் சரளா, கூடையிலிருந்து கிண்ணத்தை எடுத்தபடி.

வைத்தீஸ்வரன் எடுத்தது கட்டையை மட்டுமல்ல. இந்த மனிதர் தன் கையால் செய்ததை, தன் காலால் உதைத்துப் பார்த்ததை, அவர் தலைக்குள்ளிருந்தே எடுத்துவிட்டிருந்தார். இனி தன்னிடம் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. சாதத்தைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறலாம். அப்படிப் போய்விட முடியும் என்பதுதான் அவரைக் கதிகலங்க வைத்தது.

கேமராவை எடுத்தார். பின்னால் தள்ளித் தள்ளி, அந்த வீண் படம் வருவதற்கு நேரம் பிடித்தது. தனசேகரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாருங்க. அன்னிக்கு எடுத்ததுதான். முதல் படம்.”

சின்னத் திரையில் தனசேகர் குனிந்திருந்தார். சக்கரத்தின் இரண்டு பக்கமும் மஞ்சள் கட்டை. ஒன்றின் மேல் அவர் கை.

தனசேகர் பார்த்தார். கேமராவை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் அவர் பார்வை கட்டையில் இல்லை, படத்தில் ஊன்றியிருந்த தன் இரண்டு காலிலும் இருந்தது. பிறகு கட்டைக்கு வந்தது.

“நீங்க வெச்சிருந்தீங்க” என்றார் வைத்தீஸ்வரன். “நான்தான் எடுத்தேன். படம் சுத்தமா இருக்கணும்னு எடுத்தேன். நீங்க டீ வாங்கப் போனப்போ.”

சரளாவின் கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது.

“ரெண்டையுமா சார்?” என்று கேட்டார் தனசேகர். குரலில் கோபமில்லை. வேலையைப் பற்றி விசாரிக்கிற குரல்.

“ரெண்டையும்.”

“முன் கட்டை இறுகி இருந்திருக்குமே?”

“வரலை. கல்லால தட்டினேன்.”

“தட்டித்தான் எடுத்தீங்களா?” தனசேகர் தலையை ஆட்டினார். “அவ்ளோ இறுக்கமாத்தான் இருந்திருக்கு. நல்லாத்தான் வெச்சிக்கிறேன்.” கால் போன நாளிலிருந்து அழாத மனிதர், கேமராவை மார்பில் அழுத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். “வெச்சிக்கிறேன் சரளா. பாருடி. கை வெச்சி ஆட்டிக்கினு கீறேன் பாரு.”

சரளா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் அவர் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “உன்ன இன்னா இன்னா பேசிட்டேன்யா” என்றாள். மறுபடி மறுபடி அதையே சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

வைத்தீஸ்வரன் திட்டை எதிர்பார்த்தார். அடியைக்கூட எதிர்பார்த்தார். அவள் திரும்பி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள், இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல.

“படத்துக்கோசரமா?” என்றாள்.

“ஆமாம்.”

“ஒரு படத்துக்கோசரம்.” அவளுக்கு அது புரிகிற விஷயமாகவே இல்லை. “தெரிஞ்சிக்கினே இத்தினி நாளு வூட்ல உக்காந்துக்கினு இருந்த. அதையும் ஊருக்கெல்லாம் நீதான் அனுப்பி வெச்ச.”



சரளா கணவரின் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். மீன் வெட்டித் தழும்பேறிய மற்றொரு கையால் வைத்தீஸ்வரனின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் எதிர்பார்க்காத பிடி. எலும்பு வலித்தது.

“வா.”

“வரேன்மா. நானே வரேன்.”

“வா” என்றாள் மறுபடி. பிடியை விடவில்லை.

சந்தையில் பிடிபட்டவனை இழுத்துப்போகிற மாதிரி அவரை வார்டு வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். வேகமாகவும் போகவில்லை, நிதானமாகவும் போகவில்லை. ட்ரிப் ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். யாரோ ஒருவர், “இன்னாம்மா, இன்னா ஆச்சு?” என்றார். வராந்தாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வழி விட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக, அறுபத்து மூன்று வயதில், வைத்தீஸ்வரன் கையை இழுத்துக்கொள்ளாமல் கூடவே போனார். மணிக்கட்டு வலித்தது. அந்தப் பிடி தளர்ந்தால் தன் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதனால் அது தளராமல் இருந்ததே நல்லது என்று பட்டது.

கடைசி அறையில் மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். கதவைத் தட்டாமல் நுழைந்தவளை ஒருவர் ஏறிட்டுப் பார்த்தார்.

“கொஞ்சம் பொறும்மா, நாங்களே வந்து அவர்கிட்ட கேக்கறோம். இவர் யாரு?”

சரளா கேமராவை மேசைமேல் வைத்தாள்.

“அவர்கிட்ட கேக்க வேணாம் சார். கட்டைய எடுத்தது இவரு. இவர்கிட்ட கேளுங்க.”

“உங்க பேர் என்ன சார்?”

அவர் பெயரைச் சொல்லி, முகவரியைச் சொல்லி, “நான்தான் எடுத்தேன்” என்பதையும் சொல்லி முடித்த பிறகுதான் அவள் கையை விட்டாள்.